நாலு கிரவுண்டு காடு

செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் கமலாட்சியின் கண் முதலில் போய் நின்றது அந்தப் பச்சைக் கட்டத்தில்தான். நேற்று சாயங்காலம் ஐந்தரைக்கு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, கடைசி வேலையாக அதை ஆரஞ்சாக்கிவிட்டுப் போயிருந்தாள். இன்றைக்குப் பார்த்தால் அது பச்சையாக, ஒன்றும் நடக்காத மாதிரி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. சேமிக்காமல் அணைத்துவிட்டோமோ என்று, நேற்று மாற்றிய மற்ற கட்டங்களைப் பார்த்தாள். அவையெல்லாம் போட்டது போட்டபடி ஆரஞ்சாகவே இருந்தன. இது ஒன்றுதான் திரும்பி வந்திருந்தது.

அவள் பார்த்த வேலை இன்னதென்று சொல்லிவிட வேண்டும். இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் ஏழு கம்ப்யூட்டர் போட்டு ஓர் ஆபீஸ் நடந்துகொண்டிருந்தது. செயற்கைக்கோள் எடுத்த படங்கள் வெளிநாட்டிலிருந்து சிடியில் வரும். போர்னியோ தீவில் காடு எவ்வளவு, காட்டை அழித்துப் பாமாயில் மரம் வைத்த தோட்டம் எவ்வளவு என்று அளந்து அனுப்ப வேண்டும். தொண்ணூறில் எடுத்த படம், தொண்ணூற்றாறில் எடுத்தது, போன வருஷம் எடுத்தது, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். படம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டம் தரையில் முப்பதுக்கு முப்பது மீட்டர், நம் ஊர்க் கணக்கில் நாலு கிரவுண்டு. காட்டுக்குப் பச்சை, தோட்டத்துக்கு ஆரஞ்சு, வெட்டி எரித்த தரைக்குச் சிவப்பு. தினமும் எட்டு மணி நேரம் இதுதான்.

கமலாட்சிக்குக் கட்டம் புதிதல்ல. பிள்ளையார்பாளையத்தில் பதினான்கு வருஷம் புடவை முந்திக்கு கிராப் போட்டவள். மயிலோ யாளியோ, எந்த உருவமானாலும் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பினால்தான் தறியில் ஏறும். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் திணறுகிற இடத்தில் அவள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். காடு சொரசொரவென்று இருக்கும், தோட்டம் இஸ்திரி போட்ட துணி மாதிரி வழவழவென்று இருக்கும். ஆனால் அந்தக் கைக்கு ஒரு பழக்கமும் உண்டு. ஒரு நிறத்துக்கு நடுவே வேறு நிறத்தில் ஒற்றைக் கட்டம் தனியாக நின்றால், கிராப்பில் அது பிழை. புடவையில் ஏறினால் பூச்சி அரித்த புள்ளியாகத் தெரியும், கடைக்காரன் வாங்காமல் திருப்பிவிடுவான். அதனால் கண்டதும் அழித்துவிட வேண்டும். பதினான்கு வருஷமாக அவள் கை யோசிக்காமல் செய்த வேலை அது.

இங்கே அப்படிச் செய்யக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஒற்றைக் கட்டமானாலும் காட்டை விட்டுவிடாதீர்கள் என்று வெளிநாட்டுத் தாளில் தடித்த எழுத்தில் இருந்ததை, ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் ராம்ப்ரஸாத் தமிழில் எடுத்துச் சொன்னான். காடு என்று படத்தில் குறித்துவிட்டால் அங்கே கோடாரி போகும்போது கேள்வி கேட்க ஆள் உண்டு. தோட்டம் என்று குறித்துவிட்டால் கதை முடிந்தது. காடு அழிந்தது என்றுகூட எழுத மாட்டார்கள், அங்கே காடே இருந்ததில்லை என்றுதான் ஆகும். கமலாட்சி தலையை ஆட்டினாள். அப்புறம் நடுவில் ஒற்றையாக நின்ற கட்டங்களையெல்லாம் மூன்று படத்திலும் சேர்த்து, சுற்றியிருக்கிற நிறத்தையே போட்டு மூடிக்கொண்டே போனாள். படம் பார்க்கப் பளிச்சென்று வந்தது, பாவி மகளுக்கு அதில் ஒரு பெருமை வேறு.

அவள் இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் தம்பி சிவராஜ் இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஏஜெண்ட் ஒருவன் மூலமாக அந்தத் தீவுக்குத் தோட்ட வேலைக்குப் போனான். தெருக்கோடி எஸ்டிடி பூத்துக்கு மாதம் ஒரு தரம் போன் வரும். ஏழு மாதமாக அதுவும் இல்லை. ஏஜெண்ட் வீட்டைக் காலி செய்துவிட்டான். அம்மா தில்லையம்மாள் தினமும் அவன் தறியைத் துடைத்து, தறிக்குழியைப் பலகை போட்டு மூடிவைப்பாள். நெய்கிறவன் காலை விட்டு உட்காருகிற அந்தக் குழிக்குள் பூனை குட்டி போட்டுவிடக் கூடாதாம், பிள்ளை வந்து உட்கார வேண்டுமாம். அந்தத் தீவை மேலேயிருந்தாவது பார்த்துக்கொண்டிருக்கலாமே என்றுதான் கமலாட்சி மாடியேறி வந்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து யானையே தெரியாது, ஆள் எங்கே தெரியப் போகிறான்? தெரியாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு கட்டத்தையும் பார்க்கும்போது, இதில் இருக்கிறாயாடா, இதில் இருக்கிறாயாடா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டேதான் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு அந்தக் கட்டத்தை மறுபடியும் மூடினாள். ஆறு கொக்கி மாதிரி வளைகிற இடம், மேற்கே மூன்று நேர்ச்சாலை, சுற்றிலும் மைல் கணக்கில் ஆரஞ்சு, நடுவில் அது. மவுஸைத் தட்டியபோது அறையில் டியூப்லைட் ஒரு கணம் மங்கியது. வோல்டேஜ் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் பச்சை இருந்தது.

அன்றைக்கு ஏசி அறைக்குள் ஈர இலை மக்குகிற வாசனை வந்தது. வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கமலாட்சி ராம்ப்ரஸாத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் சின்னக் காஞ்சிபுரத்துப் பையன், கோபமே வராதவன். சிடியில் கோளாறாக இருக்கும் என்றான். கூடவே, மற்ற எல்லோருடைய படத்தையும்விட உங்கள் படம் சுத்தமாக இருக்கிறதே, எப்படி என்று கேட்டான். அவள் கிராப் தொழிலின் சூத்திரத்தைச் சொன்னாள். தாளில் இருந்ததை அவன் மறந்தானோ, சுத்தத்தில் மயங்கினானோ, இதை ஒரு புரோகிராமாகவே எழுதிவிடலாம் என்று துள்ளினான். வெள்ளிக்கிழமையிலிருந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஆறரை மணிக்குத் தானாக ஓடும், கம்ப்யூட்டரில் இருக்கிற அத்தனை படத்திலும் ஒற்றைக் கட்டம் ஒன்று விடாமல் துடைத்துவிடும். ஆபீஸ் பிள்ளைகள் அதற்குக் கமலாட்சி ரூல் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஐந்தரைக்கு அதை மூடினாள். விளக்கு மங்கியது. இந்தத் தடவை, மங்கிய அந்த நேரத்தில், பக்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டில் அம்மா துடைப்பமும் கையுமாகத் தறிக்குழியில் குனிந்திருந்தாள்.

"எங்கேர்ந்துதான் வருதோ, குழி பூரா ஈர எலையா கெடக்குதுடி. காலையில கூட்டினா சாயங்காலம் திரும்பவும் இருக்குது."

கமலாட்சி முறத்தில் இருந்த இலையை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கையைவிடப் பெரியது, தடிமனானது, நுனி வால் மாதிரி நீண்டிருந்தது. தெருவில் இருக்கிற ஒரே மரம் முருங்கை. எந்தப் பிள்ளை எங்கிருந்து கொண்டுவந்து போட்டதோ என்று சொல்லிக் குப்பையில் கொட்டினாள்.

வியாழக்கிழமை காலையிலும் பச்சை இருந்தது. அன்று முழுக்க வேறு படத்தில் வேலை செய்தாலும் மனம் அங்கேயே இருந்தது. மத்தியானம் யாரும் பார்க்காத நேரத்தில் அதைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். கட்டத்தைப் பெரிதாக்கினால் பெரிய கட்டம்தான் வரும், உள்ளே ஒன்றும் தெரியாது. திரை முழுக்கப் பச்சை. அதை உற்றுப் பார்க்கப் பார்க்க, தான் பார்ப்பது மாதிரி இல்லாமல், கீழேயிருந்து யாரோ தன்னை அண்ணாந்து பார்ப்பது மாதிரி இருந்தது. சட்டென்று சிறிதாக்கினாள். ஐந்தரைக்கு மூடினாள், மூடும்போது திரையைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அது திரும்பி வரவில்லை. ஆறும் வளைவும் மூன்று சாலையும் அப்படியே இருந்தன, நடுவில் வழவழவென்று ஆரஞ்சு. விட்டது பீடை என்று கமலாட்சி நிம்மதியாக டீ குடித்தாள்.

புரோகிராமைச் சோதித்துப் பார்ப்பதற்காக ராம்ப்ரஸாத் அன்று நம் ஊர்ப் படத்தையே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான். எல்லோரும் சூழ்ந்துகொண்டு அவரவர் தெருவைத் தேடினார்கள். பாலாற்று மணல் வெள்ளைக் கோடாகக் கிடந்தது. மேற்கே தாமல் ஏரி கறுப்பாக இருந்தது. பிள்ளையார்பாளையம் ஒரே சாம்பல் நிறம், வீட்டோடு வீடு ஒட்டிக்கொண்டு மண்ணே தெரியாது. அந்தச் சாம்பலுக்கு நடுவே ஒற்றைப் பச்சைக் கட்டம் ஒன்று இருந்தது. உங்க தெருதானே மேடம், தோப்பு வெச்சிருக்கீங்களா என்று ராம்ப்ரஸாத் கேலி செய்தான். எங்கள் தெருவில் ஒரு முருங்கையை விட்டால் ஏது மரம், படம் எடுத்தவனுக்குக் கண் கெட்டுவிட்டது என்று அவளும் பதிலுக்குச் சொன்னாள். அப்படியானால் சாயங்காலம் ஆறரைக்கு உங்கள் ரூலே இதைத் துடைத்துவிடும் என்றான் அவன்.

"தொடைச்சிடுங்க சார்," என்றாள் கமலாட்சி.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குச் சைக்கிளில் வந்தவளைத் தெருமுனையிலேயே தபால்காரர் நிறுத்தினார். வெளிநாட்டுத் தபால்தலை, நனைந்து காய்ந்த உறை, சிவராஜின் கோணல் எழுத்து. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே பிரித்தாள். மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி போட்டிருந்தது.

"அக்காவுக்கு சிவராஜ் எழுதுவது. எஸ்டேட்டை விட்டு ஓடியாந்துட்டோம். பாஸ்போர்ட்டு மேஸ்திரிகிட்ட மாட்டிக்கினு இருக்குது. தோட்டத்து நடுவுல, ஆறு வளையற எடத்துல, ஒரு துண்டு காட்டை வெட்டாம உட்டிருக்காங்க. நம்ம ஊரு கணக்குல நாலு கிரவுண்டு இருக்கும். அதுலதான் பதுங்கிக்கினு இருக்கோம். திங்கக்கெழமலேர்ந்து இங்க ஒண்ணு நடக்குதுக்கா. ராத்திரி சரியா எட்டு மணிக்கு நாலு பக்கமும் மூடிக்குது. பொட்டிய மூடற மாதிரி. மேல வானம் இல்ல, சத்தம் இல்ல, மூச்சு உட முடியல. விடிஞ்சா தொறந்துக்குது. ஆனா எங்கள்ல ஒருத்தன் இருக்கறதில்ல. நாலு பேரா வந்தோம்னு சிகரெட் அட்டையில எழுதி வெச்சிருக்கேன், அத்த வெச்சித்தான் நாலுன்னு தெரியுது. போனவங்க மொகமும் பேரும் ஞாபகத்துல இல்ல, அப்படி யாருமே இல்லாத மாதிரி இருக்குது. இன்னிக்கு வியாழக்கெழம. நான் ஒருத்தன்தான் இருக்கேன். தமிழ் லாரிக்காரர் ஒருத்தர் இருக்காரு, இத்த அவர்கிட்ட குடுக்கறேன். எட்டு மணிக்குள்ள வீட்டுக்கு வந்து தறியில உக்காந்துக்கணும் போல இருக்குதுக்கா."

அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் போகும். போன் வரும் காலத்தில் அவள் விரல்விட்டு எண்ணிய கணக்கு அது. இங்கே ஐந்தரை என்றால் அங்கே எட்டு.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். மூன்று மாதத்துக்கு முன்னால் எழுதிய கடிதத்தில் இந்த வாரம் இருந்தது. நாலு தரமும் மூடியது யார் கை என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்குள் போகாமல், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வந்த வழியே திரும்பி மிதித்தாள். மாடிப்படி ஏறி, படத்தைத் திறந்து, அந்த இடத்தைத் தேடிப் பிடித்துப் பச்சை போட்டாள். மவுஸிலிருந்து விரலை எடுத்ததும் ஆரஞ்சானது. மறுபடி போட்டாள். மறுபடி ஆரஞ்சு. மற்ற எல்லாக் கட்டமும் சொன்னபடி கேட்டன. இது கேட்கவில்லை. முப்பது தடவை போட்டாள், நாற்பது தடவை போட்டாள். ராம்ப்ரஸாத் வந்து பின்னால் நின்றான்.

"என் தம்பி சார் அது," என்றாள். "நான்தான் மூடிட்டேன்."

அவனுக்கு என்ன புரியும்? அவள் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தான், துக்கச் செய்தி என்று நினைத்துக்கொண்டான். தண்ணீர் கொடுத்தான், வீட்டில் கொண்டுவிடட்டுமா என்று இரண்டு தடவை கேட்டான். வேண்டாம் என்று இறங்கினாள். சைக்கிளை மறந்துவிட்டு நடந்தாள். தெப்பக்குளத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். சிவராஜ் அவளைவிட எட்டு வயது சின்னவன். அப்பா போனபோது அவனுக்குப் பல் விழுந்து முளைத்திருந்தது, ஊரிலிருந்து சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தான். அவள் மடியில் வளர்ந்தவன். ஒற்றைக் கட்டம் என்று அவனைத் துடைத்துப் போட்டுவிட்டாள். அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? தூறல் விழுந்தது, நனைந்தாள், இருட்டியது. அழுது அழுது ஒன்றும் மிச்சமில்லாமல் எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு வருஷமாக அந்த முகத்தில் பார்க்காத சிரிப்பு.

"எங்கடி போய்ட்ட? தம்பி வந்துட்டான்டி. தறியில உக்காந்துக்கினு இருக்கான்."

கூடத்தில் குண்டு பல்ப் எரிந்தது. மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தாள் அம்மா. அடுப்பில் அப்பளம் பொரிகிற வாசனை, அதற்கு மேலே ஈர இலையின் வாசனை, மக்கிய மண்ணின் வாசனை, ஆற்று வாசனை. தறிக்குழிப் பலகை எடுத்து ஓரமாகச் சாய்த்திருந்தது. குழிக்குள் இடுப்புவரை இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் உட்கார்ந்திருந்தான். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கழுத்தில் மண். தலைமுடியில் வால் நீண்ட ஓர் இலை.

"டேய் சிவா."

அவன் திரும்பினான். அவன்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், ஆனால் அவன்தான். கை இரண்டையும் தறியின் மேல் வைத்து, விட்டால் விழுந்துவிடுவான் போலப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இங்கயும் மூடுமா?"

"மூடாதுடா," என்றாள் கமலாட்சி. சொல்லி வாய் மூடுவதற்குள் அவளுக்கு ஞாபகம் வந்தது.

சாம்பல் நிறக் கூரைகள். நடுவே ஒற்றைப் பச்சை. தொடைச்சிடுங்க சார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு இருபத்தேழு.

பூத்துக்கு ஓடலாம். ஆபீஸ் பூட்டியிருக்கும். ராம்ப்ரஸாத் வீடு ஊரின் மறுகோடி. சைக்கிள் இல்லை. மூன்று நிமிஷம். திரும்பியவளின் மணிக்கட்டை அவன் பிடித்துக்கொண்டான். கை சில்லென்று இருந்தது.

"போவாதக்கா."

ஒற்றையாக இருந்தால்தான் துடைக்கும். அவளே போட்ட சூத்திரம். பக்கத்தில் இன்னொன்று சேர்ந்துவிட்டால் துடைக்காது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். கால் ஈர இலையில் புதைந்தது. அடி தட்டுப்படவில்லை. அவனை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். சின்ன வயதில் இடிக்குப் பயந்தால் அப்படித்தான் கட்டிக்கொள்வான். அக்கா இருக்கேன்டா. அக்கா இருக்கேன். இறுக்கினாள்.

பல்ப் மங்கியது.

அப்பளச் சத்தம் நின்றது. அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. மழை நின்றது. வாசல் பக்கத்து வெளிச்சம் போயிற்று. கொல்லைப் பக்கம் போயிற்று. இடது. வலது. மேலே.

கைக்குள் மூச்சு ஒன்று உள்ளே இழுபட்டது.

வெளியே வரவில்லை.

வெளிச்சம் வந்தபோது கமலாட்சி தறிக்குழிக்குள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் நெஞ்சைச் சுற்றி வெறுமனே கட்டியிருந்தன. எதற்காக இறங்கினோம் என்று யோசித்தாள், தெரியவில்லை. கால் முழுக்கச் சேறு. கன்னம் நனைந்திருந்தது, மழையில் நனைந்துவந்தது காயவில்லை போலிருக்கிறது. இடுப்பில் ஓர் உறை குத்தியது. எடுத்துப் பார்த்தாள். யாரோ யாருக்கோ அக்கா என்று போட்டு எழுதிய கடிதம், தபால்காரர் வீடு மாற்றிக் கொடுத்துவிட்டார். நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏறி வந்து பலகையைப் போட்டுக் குழியை மூடினாள்.

அம்மா சாதம் கொண்டுவந்தாள். கீழே வைத்திருந்த தட்டுகளை எண்ணிப் பார்த்தாள்.

"நாம ரெண்டு பேர்தானேடி. எதுக்கு மூணு தட்டு எடுத்தேன்?"

வயசாகுதுல்ல என்று கமலாட்சி சிரித்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பலகைக்கு அடியில் ஏதோ மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. எலி என்றாள் அம்மா. நின்று நின்று, விரல் கணுவால் தட்டுகிற மாதிரி, அது தட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தட்டு மட்டும் ஒரு சோறு படாமல் தனியாகக் கிடந்தது கமலாட்சியின் கண்ணை உறுத்தியது. சாப்பிட்ட கையோடு எழுந்து, அதை எடுத்துத் துடைத்து, அலமாரியில் அடுக்கோடு சேர்த்து வைத்தாள்.